பிசினஸ் மேத்ஸ் பயம்: எங்க இருந்து ஆரம்பிக்கறது?

கேள்வி: அக்கா, நான் தேனி பக்கம் ஒரு காலேஜ்ல பி.காம் மொத வருஷம் படிக்கிறேன். பிளஸ் டூல காமர்ஸ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் எடுத்ததால பத்தாவதோட கணக்க விட்டாச்சு, பத்தாவதுலயும் தட்டுத்தடுமாறித்தான் பாஸ். தமிழ் மீடியம். அடுத்த செமஸ்டர்ல பிசினஸ் மேத்ஸ் பேப்பர் வருது, ஆடிட்டர் ஆகறதுக்கான சிஏ படிப்போட மொத பரீட்சை, சிஏ ஃபவுண்டேஷன் எழுதணும்னும் ஆச இருக்கு. டியூஷன் சேந்தேன், சார் எடுத்த எடுப்புல மேட்ரிக்ஸ், டிஃபரன்ஸியேஷன்னு போயிட்டார், ஒண்ணும் ஏறல. அப்பா பலசரக்குக் கடை வச்சிருக்கார், எல்லாத்தையும் மனக்கணக்காவே போட்டுடுவார். எனக்கு கால்குலேட்டர் இல்லாம 15 பர்சன்ட் கூட வராது. காமர்ஸே எனக்கு சரிப்படாதோன்னு பயமா இருக்கு. சரிப்படும்னா எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க.

பதில்: அக்கான்னு கூப்பிட்டுட்ட, அதனால நானும் நீ வா போன்னே எழுதறேன் தங்கச்சி. கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன், காமர்ஸ் உனக்கு சரிப்படும். டியூஷன் சார் ஆரம்பிச்ச இடம்தான் சரியில்ல. அவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது, சிலபஸ்ல முதல் யூனிட் என்னவோ அதை எடுத்திருப்பார். ஆனா உனக்கு ஓட்டை இருக்கறது பன்னெண்டாம் வகுப்பு கணக்குல இல்ல, ஆறாவதுல இருந்து எட்டாவதுக்குள்ள எங்கயோ இருக்கு, அதை அடைக்காம மேல என்ன ஊத்துனாலும் நிக்காது.

நான் மதுரைல ஆடிட்டரா பிராக்டிஸ் பண்றேன். எங்க ஆபீஸ்ல தினம் ஓடற கணக்கு என்னன்னு கேட்டா உனக்கு சிரிப்பு வரும், கூட்டல் கழித்தல், சதவீதம், விகிதம், வட்டி, சராசரி, எப்பவாவது ஒரு எக்ஸ் வச்ச சமன்பாடு, அவ்வளவுதான். ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு, அதாவது சிஏ படிக்கும்போதே ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பழக வர்ற பசங்ககிட்ட மொத நாளே ஒண்ணு கேப்பேன். 100 ரூபா பொருள் 20 பர்சன்ட் ஏறுது, அப்புறம் 20 பர்சன்ட் இறங்குது, இப்ப என்ன வெல? நல்ல மார்க் எடுத்து வந்த பசங்களே பாதிப்பேர் பட்டுனு 100னு சொல்லுவாங்க. 120 ஆகி, அந்த 120ல 20 பர்சன்ட், அதாவது 24 போயி, 96 தான் மிச்சம். கூட்டல் தெரியாம யாரும் 100னு சொல்லல. ரெண்டாவது 20 பர்சன்ட் எதோட 20 பர்சன்ட்னு கேக்க மறந்துடறாங்க.

இந்த ஒரு கேள்விய உன் நோட்டுல முதல் பக்கத்துல எழுதி வச்சுக்க: "இது எதுல சதவீதம்?" பிசினஸ்ல கணக்குன்னு வர்றதுல முக்காவாசி இந்தக் கேள்விக்குள்ள அடங்கிடும், ஜிஎஸ்டி, லாபம், டிஸ்கவுண்ட், வட்டி, ஷேர் எல்லாமே. எங்க ஆபீஸ்ல நான் திருத்தற தப்புலயும் இதுதான் ஜாஸ்தி.

உங்க அப்பா கடையிலயே நடந்திருக்கும் பாரு. 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாறுச்சுல்ல, சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், தேங்காண்ணெய்க்கு பக்கத்துல அடுக்கி வச்சிருக்கற தலைக்குத் தேய்க்கற எண்ணெய் பாட்டில் எல்லாம் 18ல இருந்து 5க்கு வந்துச்சு. கடைக்கு வந்தவங்க கேட்டிருப்பாங்க, 18 அஞ்சாச்சுன்னா 13 பர்சன்ட் குறையணும்ல, நீங்க ஏன் 11 தான் குறைக்கறீங்கன்னு. கடைக்காரர் அமுக்கிட்டார்னு சண்டையே நடந்துச்சு சில இடத்துல. கணக்கப் போட்டுப் பாப்போம். வரி இல்லாம 100 ரூபா பொருள், 18 பர்சன்ட் வரியோட 118க்கு வித்துச்சு. இப்ப 5 பர்சன்ட் வரியோட 105. குறைஞ்சது 13 ரூபா, சரிதான். ஆனா வாங்கறவர் கொடுத்துட்டிருந்தது 118, 118ல 13ங்கறது 11 பர்சன்ட்தான். வரி போடறது 100 மேல, கஸ்டமர் பாக்கறது 118 மேல, அடிப்படைத் தொகை வேற வேற, அதான் 13க்கும் 11க்கும் வித்தியாசம். கடைக்காரர் சரியாத்தான் குறைச்சிருக்கார். இதை அவர் விளக்கிச் சொல்லத் தெரியாம திட்டு வாங்கியிருப்பார்.

இதுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு தப்பு இருக்கு, இது சின்ன வியாபாரிங்க கிட்ட ரொம்ப சகஜம். வரியோட சேத்து 1,180 ரூபா வாங்கிட்டாங்க, இதுல ஜிஎஸ்டி எவ்வளவுன்னு கேட்டா 1,180ஐ 18 பர்சன்ட்டால பெருக்கி 212 ரூபா 40 காசுன்னு எழுதிடுவாங்க. உண்மையில 180 தான். 118 ரூபால 18 ரூபா வரின்னா 1,180ல 180, அதாவது 18ஆல பெருக்கி 118ஆல வகுக்கணும். ஒரு பில்லுக்கு 32 ரூபா சொச்சம் தப்பு, மாசம் ஆயிரம் பில்லுன்னா நீயே பெருக்கிப் பாத்துக்க. இந்த "118ல 18"ங்கற யோசனை உனக்குள்ள போயிடுச்சுன்னா விகிதம், பின்னம், சதவீதம் மூணும் ஒரே சங்கதிதான்னு புரிஞ்சிடும், தனித்தனியா மூணு பாடம் படிக்க வேண்டியதில்ல.

அடுத்து லாபம். அப்பாகிட்ட இன்னைக்கு ராத்திரி கடை சாத்துனதும் கேளு, "நூத்துக்கு இருவது லாபம் வச்சு விக்கிறீங்கன்னா, அந்த நூறு வாங்கின வெலையா வித்த வெலையா?" 80க்கு வாங்கி 100க்கு வித்தா லாபம் 20 ரூபா, இதுல சந்தேகம் இல்ல. வாங்கின வெலைல பாத்தா 25 பர்சன்ட், வித்த வெலைல பாத்தா 20 பர்சன்ட். முன்னதுக்கு மார்க்கப், பின்னதுக்கு மார்ஜின். கம்பெனி ஏஜென்ட் வந்து "உங்களுக்கு 20 பர்சன்ட் மார்ஜின் தரோம்"னு சொல்லிட்டு எம்ஆர்பி மேல கணக்குப் போடுவார், கடைக்காரர் அதை கொள்முதல் மேலன்னு நெனச்சுக்குவார், அங்க கொஞ்சம் குழப்பம் ஓடும். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர்ல "ப்ராஃபிட் ஆன் காஸ்ட்", "ப்ராஃபிட் ஆன் சேல்ஸ்"னு கேள்வி வரும்போது கிளாஸ்ல பாதி கூட்டம் தடுமாறுறதும் இங்கதான். காஸ்ட்ல கால் பங்கு லாபம்னா சேல்ஸ்ல அஞ்சுல ஒரு பங்கு, காஸ்ட்ல மூணுல ஒண்ணுன்னா சேல்ஸ்ல நாலுல ஒண்ணு. இந்த வரிசைய நீயே நாலஞ்சு தடவ போட்டுப் பாத்தா பேட்டர்ன் தெரியும், மனப்பாடம் வேண்டாம்.

டிஸ்கவுண்ட் மேல டிஸ்கவுண்ட் போடறது இதே ஆட்டம்தான், 20 பர்சன்ட் தள்ளுபடி, பில்லுல மேல 10 பர்சன்ட்னு போட்டா மொத்தம் 28 வரும், 30 இல்ல. ஷேர் 50 பர்சன்ட் விழுந்துட்டா பழைய வெலைக்கு வர 100 பர்சன்ட் ஏறணும். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரில ரெப்போ ரேட்ட, அதாவது பேங்க்குகளுக்கு அது கொடுக்கற கடனுக்கான வட்டிய, 6.50ல இருந்து 6.25 ஆக்குச்சு, ஜூன்குள்ள 5.50 வரைக்கும் கொண்டு வந்துச்சு, 6.50க்கும் 5.50க்கும் நடுவுல ஒரு சதவீதப் புள்ளிதான், ஆனா 6.50 மேல பாத்தா 15 பர்சன்ட்டுக்கு மேல குறைஞ்சிருக்கு. நியூஸ் படிக்கும்போது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத.

இப்ப வட்டிக்கு வருவோம், இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா பிசினஸ் மேத்ஸ்லயும் சரி வாழ்க்கையிலயும் சரி ஜனங்க ஏமாறுறது இங்கதான். நம்ம ஊர்ல வட்டிய மாசக்கணக்குல சொல்லுவோம். "ரெண்டு வட்டி"ன்னா நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா, வருஷத்துக்கு 24 பர்சன்ட். "அஞ்சு வட்டி"ன்னா 60 பர்சன்ட். பேங்க்காரன் 12 பர்சன்ட்னு சொன்னா கேக்கறதுக்குப் பெருசா இருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு வட்டின்னா சின்னதா இருக்கு, ஆனா இவர் வாங்கறது பேங்க்கு மாதிரி ரெண்டு மடங்கு. மாசமா வருஷமான்னு ஒரே அளவுக்குக் கொண்டு வந்துட்டுத்தான் ஒப்பிடணும், பரீட்சையிலயும் பாதி மார்க் போறது இந்த அளவ மாத்த மறந்துதான்.

அடுத்து ஃப்ளாட் ரேட். ஒரு லட்சம் கடன், 10 பர்சன்ட் ஃப்ளாட், 12 மாசத் தவணைன்னு வை. வட்டி 10,000, ஆக மொத்தம் 1,10,000, பன்னெண்டால வகுத்தா மாசம் 9,167 ரூபா. பாத்தா 10 பர்சன்ட் மாதிரிதான் இருக்கு. ஆனா யோசி, மாசா மாசம் அசல்ல 8,333 திருப்பிக் கட்டிடற, ஆறு மாசம் முடிஞ்சதும் உன் கைல இருக்கற அவங்க பணம் 50,000 தான், ஆனா ஏழாவது மாசமும் ஒரு லட்சத்துக்கே வட்டி கட்டற. வருஷம் முழுக்க சராசரியா உன்கிட்ட இருந்த கடன் 54,000 ரூபாதான், அதுக்கு 10,000 வட்டின்னா எவ்வளவு? 18 பர்சன்ட்டுக்குப் பக்கம். குறையுற பாக்கிக்கு வட்டி போடற முறைல துல்லியமா போட்டாலும் வருஷத்துக்கு 18 பர்சன்ட் கிட்டத்தான் வரும். 2024 அக்டோபர்ல இருந்து பேங்க்கும் ஃபைனான்ஸ் கம்பெனியும் தனிநபர் கடன் கொடுக்கும்போது ஒரு ஷீட்டுல ஏபிஆர்னு வருஷ வட்டிய செலவு எல்லாம் சேத்துக் காட்டணும்னு ரிசர்வ் வங்கி விதி போட்டதே இந்தக் குழப்பத்துக்காகத்தான். உங்க வீட்ல யாராவது கடன் வாங்கியிருந்தா அந்த ஷீட்ட எடுத்து வச்சுக் கணக்குப் போட்டுப் பாரு, டெக்ஸ்ட்புக் கணக்கு பத்து போடறதுக்கு அது சமம்.

இன்னும் சுவாரஸ்யம் தண்டல். 10,000 ரூபாய்க்கு எழுதி, கைல 9,000 கொடுத்துட்டு, தினம் 100 ரூபா வீதம் 100 நாள் வசூல் பண்ணுவாங்க. மார்க்கெட்ல கடை போட்டிருக்கறவங்களுக்கு வேற வழி இல்லாம எடுக்கறாங்க, அது தனிக்கதை. கணக்க மட்டும் பாப்போம். 1,000 ரூபாதானே, 10 பர்சன்ட்தானேன்னு தோணும். வாங்கினது 9,000, தினம் கட்டறதால சராசரியா கைல இருந்தது அதுல பாதி, 4,500 வை. 4,500க்கு 100 நாள்ல 1,000 வட்டின்னா 22 பர்சன்ட், அதுவும் நூறே நாளுக்கு. வருஷத்துல அப்படி மூணரை தடவைக்கு மேல வரும், ஆக 80 பர்சன்ட் கிட்ட. நுணுக்கமா போட்டா 77, 78 வரும். இதுல நான் என்ன பண்ணினேன் பாரு, பெருக்கல், வகுத்தல், சராசரி, "எதுல?"ங்கற கேள்வி, வேற எதுவுமே இல்ல. இதே விஷயத்துக்குத்தான் சிலபஸ்ல, ஒரே தொகைய சம இடைவெளில கட்டறதால, அன்யூட்டின்னு பேர் வச்சு ஃபார்முலா கொடுத்திருக்காங்க. இப்படி ஒரு தடவ கையால போட்டுட்டுப் போனா அந்த ஃபார்முலா பாத்து பயம் வராது, ஏன்னா விடை எந்த இடத்துல வந்து நிக்கும்னு முன்னாடியே உனக்குத் தெரியும்.

கூட்டு வட்டிக்கு ஒரு குறுக்குவழி, 72ஐ வட்டி விகிதத்தால வகுத்தா பணம் ரெட்டிப்பாக எத்தனை வருஷம்னு ஏறக்குறைய வந்துடும். 8 பர்சன்ட்னா 9 வருஷம், 12 பர்சன்ட்னா 6 வருஷம். இதுல ஒரு அழகு இருக்கு, 1494ல வெனிஸ்ல லூகா பாச்சோலின்னு ஒரு துறவி அச்சுல கொண்டு வந்த கணக்குப் புத்தகத்துலயே இந்த 72 விதி இருக்கு, ஒவ்வொரு வரவு செலவையும் டெபிட், கிரெடிட்னு ரெண்டு பக்கம் எழுதற டபுள் என்ட்ரி புக் கீப்பிங் முறைய மொதல்ல அச்சுல விளக்கமா எழுதினதும் அதே புத்தகத்துலதான். அப்ப கணக்கு வேற அக்கவுண்ட்ஸ் வேறன்னு யாரும் பிரிக்கல, நம்மதான் பீரியட் பீரியடா பிரிச்சுட்டோம்.

அக்கவுண்ட்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது, டெபிட் மொத்தமும் கிரெடிட் மொத்தமும் ஒத்துப் போகுதான்னு பாக்கற ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகலன்னா பசங்க முழிப்பாங்கல்ல, மொதல்ல அந்த வித்தியாசத்த 9ஆல வகுத்துப் பாரு. மிச்சமில்லாம வகுபட்டா ஏதோ ஒரு எடத்துல ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி, 540ஐ 450ன்னு எழுதியிருப்ப, வித்தியாசம் 90. ஏன் 9ன்னா, பக்கத்து பக்கத்து இலக்கம் இடம் மாறும்போது ஒண்ணு பத்து மடங்காகுது இன்னொண்ணு பத்துல ஒண்ணாகுது, வித்தியாசம் எப்பவும் 10 கழிச்சல் 1, அதோட ஏதோ ஒரு மடங்கு. 9ஆல போகலன்னா வித்தியாசத்துல பாதி எடுத்து அந்தத் தொகை எங்கயாவது இருக்கான்னு தேடு, டெபிட்ல போட வேண்டியத கிரெடிட்ல போட்டிருந்தா சரியா ரெண்டு மடங்கு வித்தியாசம் காட்டும். கம்ப்யூட்டர்ல போட்டா ரெண்டு பக்கமும் டேலி ஆகிடும்தான், ஆனா பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் பாக்கும்போது இலக்கம் மாறின தப்பு இன்னைக்கும் வந்துட்டேதான் இருக்கு, இந்த 9 இன்னைக்கும் வேலைக்கு ஆகுது.

அல்ஜீப்ராவுக்கு உன்ன மாதிரி பயப்படறவங்களுக்கு நான் எப்பவும் டீக்கடை கணக்குதான் சொல்லுவேன். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் சேத்து மாசம் 30,000 ரூபா, டீ வித்தாலும் விக்காட்டியும் போகும். ஒரு டீ 15 ரூபா, பால் தூள் சர்க்கரை கேஸ் எல்லாம் சேத்து ஒரு டீக்கு 9 ரூபா செலவு. ஒரு டீல மிஞ்சறது 6 ரூபா. 30,000 எடுக்கணும்னா 5,000 டீ. இப்ப 6 பெருக்கல் எக்ஸ் சமம் 30,000ன்னு எழுதினா அதான் சமன்பாடு, ஏற்கனவே போட்டுட்ட, லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம நிக்கற அந்த 5,000க்குப் பேர்தான் பிரேக் ஈவன் பாயிண்ட். பக்கத்துல புதுக்கடை வந்துடுச்சு, கூட்டம் இழுக்க 10 பர்சன்ட் குறைப்போம்னு 13 ரூபா 50 காசுக்கு வித்தா? மிஞ்சறது 4.50. இப்ப 6,667 டீ விக்கணும், அதாவது மூணுல ஒரு பங்கு கூட. வெலைய பத்துல ஒரு பங்குதான் குறைச்ச, வியாபாரம் மூணுல ஒரு பங்கு ஏறணும். ஏன்னா 1.50ங்கறது 15ல 10 பர்சன்ட், ஆனா மிஞ்சற 6ல அது 25 பர்சன்ட். மறுபடியும் "எதுல?"தான். ஆஃபர் போட்டே கடைய மூடினவங்க நெறைய, கூட்டம் இருந்துச்சு காசு இல்லைன்னு சொல்லுவாங்க.

சராசரிய சுருக்கமா சொல்லிடறேன். 100 கிலோ வெங்காயம் 40 ரூபாய்க்கும் 50 கிலோ 55 ரூபாய்க்கும் வாங்கினா சராசரி 47.50 இல்ல, 4,000மும் 2,750மும் கூட்டி 150ஆல வகுத்து 45. எடைய விட்டுட்டு வெறும் வெலைய சராசரி எடுத்தா தப்பு. ஸ்டாக் வேல்யுவேஷன்ல வெயிட்டட் ஆவரேஜ்னு இதையேதான் கேப்பாங்க.

கால்குலேட்டர் பத்தி நீ வெக்கப்பட்டு எழுதியிருக்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல, நாங்களும் டேபிள் மேல வச்சிட்டுத்தான் உக்காந்திருக்கோம். ஆனா விடை ஏறக்குறைய எவ்வளவு வரும்னு மனசுல ஒரு மதிப்பு வச்சுட்டு அப்புறம் தட்டு, அது ரொம்ப முக்கியம், ஏன்னா விரல் தப்பா பட்டா மெஷின் சொல்லாது. 15 பர்சன்ட்டுக்கு, பத்துல ஒண்ணு எடுத்து அதுல பாதிய சேரு, 640க்கு 64ம் 32ம், 96. 50 ரூபால 18 பர்சன்ட் யோசிக்க கஷ்டமா இருந்தா திருப்பிப் போடு, 18ல 50 பர்சன்ட், 9. ரெண்டும் ஒண்ணுதான், போட்டுப் பாரு. உங்க அப்பா மனக்கணக்கும் இந்த மாதிரி பத்துப் பதினஞ்சு குறுக்குவழிதான், கூட நின்னு கேட்டா சொல்லித் தருவார், ஒருவேள அவருக்கே அதை எப்படிப் போடறோம்னு சொல்ல வராது, அப்ப ஒரு ஒரு பில்லா நிறுத்திக் கேளு.

இன்னொண்ணு, சிஏ பரீட்சைக்கு 12 டிஜிட் சாதா கால்குலேட்டர்தான் எடுத்துட்டுப் போகலாம், சயின்டிஃபிக் கூடாது. சாதா கால்குலேட்டர்ல 2 கூட்டல் 3 பெருக்கல் 4ன்னு தட்டினா 20னு காட்டும், உன் ஃபோன்ல 14னு காட்டும். கணக்கு விதிப்படி 14 தான் சரி, சாதா மெஷின் தட்டத் தட்ட வரிசையா போட்டுட்டே போகும், அதுக்குப் பெருக்கல் முதல்லங்கற முறை தெரியாது. அதனால நடுவுல வர்ற விடைய சேத்து வைக்கற எம் ப்ளஸ், எம் மைனஸ், எம்ஆர்ங்கற மெமரி பட்டன்கள பழகிக்க, ஃபோன்ல பழகாத. கூட்டு வட்டிக்கு 1.08 தட்டி பெருக்கல் குறி, அப்புறம் சமக்குறிய தட்டிக்கிட்டே போனா 1.1664, 1.259712ன்னு அடுத்தடுத்த வருஷம் வந்துட்டே இருக்கும், சில மாடல்ல பெருக்கல் குறிய ரெண்டு தடவ அமுக்கணும். லாக் டேபிள் இல்லாம இதுலயே நெறைய வேலை முடிஞ்சிடும்.

எதை வச்சுப் படிக்கறதுன்னா, காசு கொடுத்து கைடு வாங்காத. நம்ம அரசாங்கப் பாடப்புத்தகம் எல்லாம் பிடிஎஃப்பா ஃப்ரீயா கிடைக்குது. ஏழாம் வகுப்புல சதவீதமும் தனிவட்டியும் வர்ற பாடம், எட்டாம் வகுப்புல வாழ்வியல் கணிதம், இந்த ரெண்டையும் எடுத்து ஒரு கணக்கு விடாம போடு. ஏழாங்கிளாஸ் புக்க வச்சிருக்கறத யாராவது பாத்து சிரிச்சா சிரிக்கட்டும், அவங்களையே அந்த 20 பர்சன்ட் ஏத்தி இறக்கற கணக்கக் கேளு. அப்புறம் பின்னம், மைனஸ் நம்பர், ஒரு மாறி உள்ள சமன்பாடு, அடுக்குகள், இது எட்டாவது ஒம்பதாவதுல இருக்கு. இது கை வந்ததும் பதினொண்ணாவது வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் புத்தகத்துக்கு வா. அந்த குரூப்ப நீ எடுக்கலன்னாலும் புத்தகம் உனக்குத்தான், தமிழ்ல இருக்கு, உன் காலேஜ் சிலபஸ்ல பெரும்பகுதி அதுல வந்துடும். ஒவ்வொரு பாடமும் தமிழ்ல புரிஞ்சதும் அதே கணக்க இங்கிலீஷ் புக்ல ஒரு தடவ படி, பரீட்சைல கேள்வி எந்த வார்த்தைல வரும்னு பழகணும். தினம் முக்கா மணி நேரம் உக்காந்தா ரெண்டு மூணு மாசத்துல அடிப்படை வந்துடும்னு என்கிட்ட இருக்கற பசங்கள வச்சு தைரியமா சொல்றேன், ஞாயித்துக்கெழம மட்டும் எட்டு மணி நேரம் உக்காந்தா வராது.

மேட்ரிக்ஸ் பாத்து பயந்துட்ட, அது நெசமாவே ஈஸியான பாடம். நாலு பொருளோட வெல ஒரு வரிசை, மூணு கடைக்கு எத்தன எத்தன போச்சுங்கறது ஒரு கட்டம், ரெண்டையும் பெருக்கிக் கூட்டினா ஒவ்வொரு கடை பில்லும் வரும், மேட்ரிக்ஸ் பெருக்கல்ங்கறது அவ்வளவுதான். டிஃபரன்ஸியேஷன கடைசில வச்சுக்க. இன்னும் ஒரு யூனிட் கூட பண்ணினா செலவு எவ்வளவு ஏறும்ங்கற கேள்விக்குத்தான் அது, எகனாமிக்ஸ்ல மார்ஜினல் காஸ்ட்னு படிக்கறதும் இதுதான். ஃபார்முலா நாலஞ்சுதான் வரும், அடுக்கு விதி தெரிஞ்சா போட்டுடலாம், தெரியாம உக்காந்தா உனக்கு நடந்த மாதிரிதான் ஆகும். டியூஷன் சார்கிட்ட நேராவே சொல்லு, "சார், எனக்கு ஒரு மாசம் சதவீதமும் சமன்பாடும் எடுங்க, அப்புறம் சிலபஸ்க்குப் போவோம்"னு. ஒத்துக்கலன்னா அந்தக் காசு மிச்சம்.

சிஏ ஃபவுண்டேஷன் பத்தி. நாலு பேப்பர், மூணாவதுதான் குவான்டிடேட்டிவ் ஆப்டிட்யூட், 100 மார்க்குல பிசினஸ் மேத்ஸ் 40, லாஜிக்கல் ரீசனிங் 20, ஸ்டாடிஸ்டிக்ஸ் 40. எல்லாம் சரியான விடைய தேர்ந்தெடுக்கறது, ஒரு மார்க் கேள்வி தப்பானா கால் மார்க் போகும். ஒவ்வொரு பேப்பர்லயும் 40, மொத்தத்துல 50 பர்சன்ட் வேணும். இப்படிப் பாரு, ரீசனிங்குக்கு மேத்ஸ் பேக்ரவுண்டே வேண்டாம், ஸ்டாடிஸ்டிக்ஸ்ல சராசரி, மீடியன், கோரிலேஷன் எல்லாம் பொறுமையும் கால்குலேட்டரும் இருந்தா போதும், மேத்ஸ் 40லயும் விகிதமும் வட்டியும் கணிசமா வரும். அதனால கால்குலஸ்ல நீ சுமாரா இருந்தாலும் பேப்பர் போயிடாது. சிஏ பரீட்சை நடத்தற இன்ஸ்டிடியூட்டோட ஸ்டடி மெட்டீரியல் இன்டர்நெட்ல ஃப்ரீயா இருக்கு, கோச்சிங் சேர்றதுக்கு முன்னாடி அதை எறக்கிப் பாத்துட்டு முடிவு பண்ணு.

இன்னொரு வழியும் இருக்கு, பி.காம்ல 55 பர்சன்ட் எடுத்துட்டா ஃபவுண்டேஷன் எழுதாமலே நேரா சிஏவோட அடுத்த கட்டமான இன்டர்மீடியட்க்குப் பதிவு பண்ணலாம். மேத்ஸ்ல இருந்து தப்பிக்கத்தான் இந்த வழின்னு சில பேர் சொல்லுவாங்க, நம்பாத. இன்டர்ல காஸ்டிங்கும் ஃபைனான்சியல் மேனேஜ்மென்ட்டும் காத்துட்டு இருக்கு, அங்க போயி சதவீதம் தேடிட்டு இருக்க முடியாது. ஆனா அவசரம் இல்லாம டிகிரிய நல்லா முடிக்கணும்னு நெனச்சா இது நல்ல வழிதான், வீட்ல ரெண்டையும் சொல்லி வை.

ஃபவுண்டேஷன்தான்னு முடிவு பண்ணினா, இப்ப வருஷத்துக்கு மூணு தடவ நடக்குது, ஒண்ணு போனா அடுத்தது நாலு மாசத்துல. ரிஜிஸ்டர் பண்ணி நாலு மாசம் ஆகியிருக்கணும், அந்தக் கணக்கையும் பாத்துக்க. மொதல்ல வீட்லயே பழைய மேத்ஸ் கொஸ்டின் பேப்பர் ஒண்ண எடுத்து கடிகாரம் வச்சு எழுதிப் பாரு, நெகடிவ் மார்க் கழிச்சு 50க்கு மேல வர ஆரம்பிச்சதும் பரீட்சைக்குப் பணம் கட்டு. 35லயே நிக்குதுன்னா எந்தக் கேள்வி தப்பாச்சுன்னு குறிச்சு அந்தப் பேப்பரோட போட்டோவ எனக்கு அனுப்பு, எந்த வகுப்புப் பாடத்துக்குத் திரும்பிப் போகணும்னு பாத்துச் சொல்றேன்.